ஒட்டக லாரிக்கு ஆறு பல் கட்டிய சவரிமுத்து

கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டு டீக்கடையில் உட்கார்ந்து, யுத்தக் காலத்தில் விழுப்புரம் ஜங்ஷனில் படுத்துவிட்ட ரயில் எஞ்சினை நான் ஒரே ஒரு ஸ்பானரை வைத்துக் கிளப்பிய விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். திண்டிவனம் போகிற பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இறங்கி நேரே என்னிடம் வந்தார்.

"மாமா, முகையூர் சவரிமுத்து போயிட்டாராம்."

"எங்க போயிட்டான்?" என்று கேட்டேன். லாரி ஓட்டுகிறவன் போய்விட்டான் என்றால் திருக்கோவிலூர், உளுந்தூர்ப்பேட்டை என்றுதானே எவனும் நினைப்பான்? கண்டக்டர் தலையிலிருந்த தொப்பியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கையிலிருந்த டீயை நான் என்ன செய்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க நாலு பக்கம் அச்சடிக்கிறார்கள். எழுதவேண்டியது நான்தான் என்று லூர்து சொல்லிவிட்டாள். லூர்து என் அக்காள் மகள், சவரிமுத்துவின் மனைவி. எங்கள் குடும்பத்தில் பாதிப் பேர் மாரியம்மனுக்கு, பாதிப் பேர் மாதாவுக்கு. கல்யாணம், சாவு என்றால் எல்லாரும் ஒரே பாயில் உட்காருவோம். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் அந்தக் காலத்து மூன்றாம் வகுப்பு இந்தக் காலத்துப் பத்தாம் வகுப்புக்கு மேல் என்று எங்கள் வாத்தியாரே சொல்லியிருக்கிறார்.

"மாமா, நடந்ததை மட்டும் எழுதுங்க. இல்லேன்னா ஃபாதர் கோயிலுக்குள்ளயே வுட மாட்டாரு" என்றாள் லூர்து.

நடந்ததை மட்டுமே எழுதுகிறேன். கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன், அவ்வளவுதான்.

சவரிமுத்துவின் அப்பா பண்ணையில் படிநெல்லுக்கு உழைக்கிற படியாள். தாத்தாவும் அப்படியே. சவரிமுத்துவும் மீசை முளைக்கும்வரை அந்த ஏரின் பின்னால்தான் நடந்தான். யுத்தம் வந்தது, பட்டாளத்தில் ஆள் எடுத்தார்கள், டிரைவர் வேலை கற்றுக்கொண்டு அஸ்ஸாம், பர்மா எல்லை என்று சுற்றினான். யுத்தம் முடிந்து ஊருக்கு வந்த அன்றைக்கே பண்ணைக் காரியக்காரர் குடையோடு தெருமுனைக்கு வந்துவிட்டார். பக்கத்தில் நான் நின்றேன். ஒரு வார்த்தை விடாமல் சொல்கிறேன்.

"என்னடா சவரி, பட்டாளத்துச் சோத்துல நல்லா ஒடம்பு வச்சிருக்க. ரெண்டு ஏரு சும்மா கெடக்குது. நாளைக்கு வந்து புடிச்சுக்க."

"ஏரு ஓட்டறதில்லீங்க. மோட்டார் ஓட்டப் போறேன்."

"மோட்டாரா? எங்க, வானத்துலயா? நம்ம பக்கத்துப் பாட்டையில ஐப்பசி மழைக்கு மாட்டு வண்டியே திணறுது. உன் மோட்டாரு மாட்டிக்கினா இஸ்துவுட எங்க மாட்டைத்தான் கேட்டுக்கினு வருவ. வர்றப்பவே ஏரையும் சேத்துப் புடிச்சுக்க."

சவரிமுத்து சிரித்துக்கொண்டே, "மாட்டிக்கினா வர்றேங்க" என்றான்.

அவன் சிரித்தான், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படி ஒரு வார்த்தையை ஊர் நடுவில் விட்டுவிட்டால் அப்புறம் அதிலிருந்து தப்ப முடியாது. வண்டி மண்ணில் நின்றால் சவரிமுத்து திரும்பவும் படியாள். அவனோடு லூர்து, பிள்ளைகள், அவனுக்குப் பின்னால் மோட்டார் கற்றுக்கொள்ளலாம் என்று காத்திருந்த அந்தத் தெரு இளவட்டங்கள் எல்லாரும். வண்டி வாங்குவதற்காக அந்தத் தெருப் பெண்களின் காதும் மூக்கும் காலியாயின. நான் என் பங்குக்கு என் சைக்கிளைக் கொடுத்தேன். அப்பேர்ப்பட்ட சைக்கிள் விழுப்புரத்தில் அந்தக் காலத்தில் இரண்டுதான். இன்னொன்று இன்ஸ்பெக்டருடையது.

வாங்கியது பட்டாளத்தில் கழித்துப்போட்ட அமெரிக்க லாரி. சாதாரண லாரிக்குப் பின் சக்கரம் மட்டும்தான் தள்ளும். இதற்கு முன் அச்சிலும் எஞ்சின் பலம் போகும்; ஒரு கம்பியை இழுத்துவிட்டால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். பக்கத்திலேயே இன்னொரு கம்பி. அதைப் போட்டால் வண்டி நத்தை வேகத்தில், ஆனால் யானைப் பலத்தோடு போகும். அதற்குச் சவரிமுத்து "குட்டிக் கியர்" என்று பெயர் வைத்திருந்தான்.

பெண்ணையாற்றுக்கு அந்தாண்டை ஊர்களில் விளைகிற மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, மணலில் இறங்கி ஏற்றிக்கொண்டு, முகையூர் வழியாக விழுப்புரம் வந்து, டிரங்க் ரோட்டைப் பிடித்துத் திண்டிவனம் எண்ணெய் மில்லில் இறக்கவேண்டும். தினமும் இதே ஓட்டம் என்பதுதான் திட்டம். ஓட்டிப் பார்த்த முதல் வாரத்திலேயே ஒரு தொல்லை தெரிந்தது. மாட்டு வண்டிகள் போய்ப் போய்ப் பாட்டையில் இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் மேடு. லாரியின் அச்சு நடுவில் குடம் மாதிரி ஓர் இரும்புக் கூடு இருக்கிறதே, அது மேட்டில் உரசி உரசி உட்கார்ந்துவிடும்.

வண்டியைத் தூக்கு என்று சொன்னவன் நான். வில்லுப் பட்டைகளுக்கும் அச்சுக்கும் நடுவில் கருவேலங்கட்டை கொடுத்தோம். பட்டை இரண்டு கூடுதலாகச் சேர்த்தோம். பெரிய பட்டாளத்து வண்டி ஒன்றின் டயர்களைத் தேடிப் பிடித்து மாட்டினோம். பழைய சக்கரத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு பெரிசு. வண்டி எழுந்து நின்றதும் அதன் அடியில் ஒரு பசு நுழைந்து இந்தப் பக்கம் வந்தது. லூர்து அதைக் கன்றுக்குட்டி என்பாள். அதைப் பெற்ற பசு கூட அவ்வளவு உயரக் கன்றைப் பார்த்திருக்காது. அன்று முதல் ஊருக்கு அது ஒட்டக லாரி.

உயர்ந்தது சரி. இழுக்கவேண்டுமே! சக்கரம் பெரிசானால் எஞ்சின் ஒரு சுற்றுக்குத் தள்ளவேண்டிய தூரமும் பெரிசாகிறது. டிரங்க் ரோட்டில் டாப் கியர் போட்டால் வண்டி இருமியது. சின்ன ஏரிக்கரை ஏற்றத்துக்கே மூன்றாவது கியருக்கு இறங்கவேண்டியிருந்தது. ரேடியேட்டர் கொதித்துக் கொதித்து, கூட்டேரிப்பட்டு டீக்கடைக்காரர் தன் அடுப்பை அணைத்துவிட்டு எங்கள் ரேடியேட்டரிலேயே டீ போட்டார். வேகம் காட்டும் முள்ளும் குறைத்துக் காட்ட ஆரம்பித்தது. முள் முப்பதில் நின்றால் வண்டி அதற்கும் மேலே ஓடிக்கொண்டிருக்கும்.

"பாத்தியா, முள்ளே நம்ம வேகத்தைப் பாத்துப் பயப்படுது" என்று நான் சொன்னேன்.

"வண்டிகிட்ட பொய் சொல்லலாம் மாமா. அது ரோட்டுல போய் எல்லார்கிட்டயும் உண்மையைச் சொல்லிடும்" என்றான் சவரிமுத்து. இதை அவன் அடிக்கடி சொல்லுவான். யாரைச் சொல்கிறான் என்று நான் கேட்டதில்லை.

இங்கே பல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த இரும்புக் குடத்துக்குள் ஒரு சின்னப் பல்சக்கரமும் ஒரு பெரிய பல்சக்கரமும் கடித்துக்கொண்டு நிற்கும். சின்னதுக்குப் பினியன் என்று பெயர், பெரிசுக்குக் கிரவுன். எங்கள் வண்டியில் பினியனுக்கு ஏழு பல். பினியனில் பல் குறையக் குறைய இழுப்பு கூடும், வேகம் குறையும். பல் கூடினால் வேகம் வரும், இழுப்பு போகும். இவ்வளவுதான். இதை ஒரு முறை நான் விளக்கியபோது ஒரு இஞ்சினீயரே கைகட்டிக் கேட்டார்.

திண்டிவனத்தில் பழைய இரும்புக் கடை பாயிடம் பட்டாளத்துச் சாமான் மலைபோல் கிடந்தது. ஐந்து பல் பினியனும் அதற்கு ஏற்ற கிரவுனும் ஒரே ஒரு செட் கையில் கிடைத்தது. அச்சு இரண்டு, செட் ஒன்று. என்ன செய்வது?

இதில்தான் மாட்டு யோசனை வந்தது. ஏரிலோ வண்டியிலோ மாடு பூட்டும்போது வலத்து மாட்டை முரட்டு மாடாகவும் இடத்து மாட்டைச் சுறுசுறுப்பான மாடாகவும் பார்த்துப் பூட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஒன்று பளுவைத் தாங்கும், ஒன்று நடையைக் கொடுக்கும். அதேபோல பின் அச்சில் ஐந்து பல் முரடன், முன் அச்சில் பழைய ஏழு பல் சுறுசுறுப்பன். பட்டாளத்தில் எவனுக்கும் தோன்றாத யோசனை. மாடு பூட்டிப் பழகியவனுக்குத்தான் தோன்றும். இது மாமாவின் யோசனை என்று சவரிமுத்து சொல்லிவந்தான். அவன் யோசனை என்று நான் சொல்லிவந்தேன். கல்யாண வீடு, கருமாதி வீடு எங்கே சந்தித்தாலும் இதே சண்டை. இப்போது நான் சொல்வதற்கு மறுத்துப் பேச ஆள் இல்லை. எதிர்ப்பேச்சு இல்லாமல் ஜெயிப்பதில் ஒரு ருசியும் இல்லை என்று இந்த முப்பது நாளில்தான் தெரிந்தது.

பின் அச்சில் மட்டும் மாற்றினோம். டிரங்க் ரோட்டில் முன் இழுப்பு தேவையில்லை. ஆகவே ஒரு தொல்லையும் தெரியவில்லை. வண்டி ஏற்றத்தில் எகிறியது. இறக்கத்தில்தான் எஞ்சின் அலறியது. பரவாயில்லை என்று ஆற்றுக்கு ஓட்டினோம். சின்னசாமிக் கவுண்டர் என்கிற விவசாயி, அந்தாண்டைக் கரையில் சொந்த நிலம் வைத்திருப்பவர், தன் மல்லாட்டையை எங்கள் வண்டியில் ஏற்ற முதலில் ஒப்புக்கொண்டவர். அவர் கொடுத்தால் மற்றவர்களும் கொடுப்பார்கள். வழக்கமாக எல்லாருடைய மூட்டையும் பண்ணை வண்டிகளில்தான் போகும். அதனால் காரியக்காரரும் வேடிக்கை பார்க்கக் குடையோடு வந்திருந்தார். இரண்டு ஜோடி மாட்டையும் கரையில் நிறுத்தியிருந்தார். அது எங்களுக்கு உதவி செய்வதற்காக இல்லை.

இறுகிக் காய்ந்த கரை மேட்டில் சவரிமுத்து நாலு சக்கரத்தையும் சேர்த்தான். வண்டி இரண்டு ஆள் நீளம் போயிருக்கும். முன் சக்கரங்கள் ஓடப் பார்க்கின்றன, பின் சக்கரங்கள் பிடித்து நிறுத்துகின்றன. டயர் நான்கும் ஆட்டுக்குட்டி மாதிரி கத்தின. எங்கேயோ அடியில் இரும்பு முறுக்கிக்கொண்ட சத்தம் வந்தது. வண்டி நின்றுவிட்டது. கம்பியைத் திரும்ப இழுத்தால் வரவில்லை. நானும் அவனும் சேர்ந்து தொங்கினோம், அசையவில்லை. அன்றைக்கு நான் இழுத்த இழுப்பில் ஒரு கோயில் தேரே நகர்ந்திருக்கும்.

"என்னடா சவரி, உன் வண்டிக்கு முன்னாடி ஒரு ஊரு, பின்னாடி ஒரு ஊரு போவணும்னு ஆசையா?" என்றார் காரியக்காரர். "மாடு பூட்டட்டுமா? ஏரு வூட்டுலதான் இருக்குது."

கவுண்டர் அந்தாண்டைக் கரையில் கிடந்த தன் மூட்டைகளைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "சவரி, மழைக்கு முன்னாடி ஏத்தியாவணும்பா. உன்னால ஆவலன்னா இப்பவே சொல்லிடு. நான் கோச்சுக்க மாட்டேன்" என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை. 

சவரிமுத்து மேல்சட்டையைக் கழற்றி என் தோளில் போட்டான். வண்டிக்கு அடியில் படுத்தான். முன் அச்சுக்கு எஞ்சின் பலம் கொண்டுபோகிற நீளத் தண்டை, போல்ட் போல்ட்டாகக் கழற்றிக் கீழே இறக்கினான். கடைசி போல்ட் விட்டதும் வண்டியே பெருமூச்சு விட்டு அரை அடி நகர்ந்தது. எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொள்ளாமலே காரியக்காரரிடம் வந்து, "நின்னது நெசங்க. ஆனா மண்ணுல நிக்கல, காஞ்ச மேட்டுல நின்னுச்சு. பேச்சு மண்ணைப் பத்தி" என்றான். பிறகு கவுண்டரிடம், "ஒரு வாரம் பொறுங்க. ஏத்திக்கினு போறது நான்தான்" என்றான். அப்படிச் சொல்லும்போது அவனுக்குக் காரணம் புரிந்துவிட்டதா என்று திரும்பி வரும் வழியில் கேட்டேன்.

"புரிஞ்சிடுச்சு மாமா. மாடு ரெண்டு ரெண்டு விதமா நடந்தா நுகத்தடி கொஞ்சம் கோணும், அவ்ளோதான். இதுல நுகத்தடி இரும்பு. கோணாது. முன்னாடி எத்தினி பல்லோ பின்னாடியும் அத்தினி பல்லு இருக்கணும்."

"அதைத்தான் நான் அப்பவே மனசுல நெனைச்சேன்" என்றேன்.

"மனசுலயே வச்சிக்கினீங்களே, நல்லவேளை" என்றான்.

மறுநாள் திண்டிவனம். நான், சவரிமுத்து, லூர்து மூவரும் பாய் கடையில். மழை வருவதற்குள் பல்லை முடிவுசெய்யவேண்டும். மழை இறங்கிவிட்டால் வண்டியைப் பிரிக்க முடியாது, வருஷம் போய்விடும். இது எங்கள் நாலு பேருக்கும் தெரியும். பாய் இன்னொரு ஐந்து பல் செட் தேடித் தருவதாகச் சொன்னார். எனக்கு அதுவே சரி என்று பட்டது. முன்னேயும் ஐந்து, பின்னேயும் ஐந்து.

"அஞ்சு பல்லு ரெண்டு பக்கமும் போட்டா, மயிலம் மலையையே கட்டி இஸ்துக்கினு வரும்டா" என்றேன்.

"மயிலம் மலையை மில்லுல எறக்கச் சொல்லி எவன் மாமா கேட்டான்?"

"அப்ப ஆறு?" என்று நான் கத்தினேன். "ஆறு இருக்குதே, ஆறு! ஆறை மறந்துட்டுப் பேசாத!"

நான் சொன்னது பெண்ணையாறு. குவியலுக்கு மேலே ஏறி நின்ற பாயின் காதில் விழுந்தது வேறு. "ஆறா? அட, ஆறு பல்லு வேணும்னு முன்னாடியே சொல்றதுதானே மாமா! பேஜாரு புடிச்ச ஆளுய்யா நீ. ஆறு ரெண்டு செட்டு அடியில கெடக்குது. எவனும் கேக்கலன்னு நான் சொல்லல. ஜல்தியா ஏறி இந்தத் தகரத்தை நகத்து" என்றார்.

சவரிமுத்து தகரத்தை நகர்த்தினான். கிரீஸ் பூசி, எண்ணெய்த் துணி சுற்றி, ஜோடியாக இரண்டு செட். பினியனை உள்ளங்கையில் வைத்து ஒவ்வொரு பல்லாக விரலால் தொட்டுக்கொண்டே போனான். லூர்து கிரவுனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். புடவை பாழாவதைப் பற்றி அவள் நினைக்கவில்லை.

"இதான்யா" என்றான் சவரிமுத்து.

"எப்படிச் சொல்ற?" என்றாள் லூர்து.

"ஏழு பல்லு பழைய சக்கரத்துக்குச் சரியா இருந்துச்சு. சக்கரம் அஞ்சுல ஒரு பங்கு பெருசாச்சு. ஒரு பல்லைக் கொறைச்சா, போன இழுப்பு திரும்பி வந்துடும். அவ்ளோதான் வேணும். அஞ்சு பல்லு போட்டா நாளு பூரா ஆத்துல ஓட்டறாப்புல ஓட்டணும். விழுப்புரம் டு திண்டிவனம் எஞ்சினு கத்திக்கினே போவும். ஒரு வருஷத்துல செத்துடும்."

"ஆத்துல? மழையில? லோடோட?" அவள் விடவில்லை. ஊர் நகை முழுக்க அந்த வண்டியில் இருந்தது. கேட்காமல் எப்படி இருப்பாள்?

"ஆத்துக்குத்தான் குட்டிக் கியர் இருக்குதே. அதை அங்க போட்டுக்கலாம், ரோட்டுல எடுத்துடலாம். பல்லை அப்படி எடுக்க முடியுமா? கூட்டுக்குள்ள போட்டு மூடினா தெனமும் அதான். தெனமும் எங்க போறமோ அதுக்குத்தான் பல்லு. எப்பவோ ஒரு வாட்டி எறங்கற எடத்துக்குக் கம்பி."

தினமும் எங்கே போகிறோமோ அதற்குத்தான் பல். இந்த வார்த்தையைத் திண்டிவனம் கடைத்தெருவில் இன்றும் லாரிக்காரர்கள் சொல்கிறார்கள். சொன்னது சவரிமுத்து என்று பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால் ஆறு என்று முதலில் சொன்னது யார்? நான். பாய் சாட்சி. லூர்து இதை ஒப்புக்கொள்வதில்லை. "மாமா சொல்றதை ஆறால வகுத்தா மிச்சம் நிக்கறதுதான் நெசம்" என்று சிரிப்பாள். ஆறு என்கிற எண் அவள் வாயிலும் என்னால்தான் வந்தது.

முன்னும் பின்னும் ஆறு பல் கட்டினோம். கவுண்டரிடம் சொன்ன வாரம் முடிவதற்குள் வானம் பிளந்துகொண்டது. கரையிலிருந்து பார்த்தால் ஆறு காவி நிறத்தில் முழங்காலுக்கு மேல் ஓடுகிறது. அந்தாண்டைக் கரையில் தார்ப்பாய்க்கு அடியில் கவுண்டரின் மூட்டைகள். நடு ஆற்றில் பண்ணையின் வண்டி ஒன்று லோடோடு அச்சு வரை புதைந்து நின்றது. மழைக்கு முந்திக்கொள்ளலாம் என்று காரியக்காரர் இறக்கிவிட்டிருந்தார். மாடு இரண்டும் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றன.

சவரிமுத்து முதலில் அந்தாண்டை போனான். குட்டிக் கியர், நாலு சக்கரமும் சேர்த்து. நான் பக்கத்தில். தண்ணீர் காலடிப் பலகையைத் தொட்டது. என் மார்பைத் தொட்டது என்றுதான் சொல்வதாக இருந்தேன், லூர்து பக்கத்திலிருந்து படிக்கிறாள். எஞ்சின் ஒரே சீராக முனகிக்கொண்டே போனது. முன்னும் பின்னும் ஒரே நடை. ஒன்றை ஒன்று இழுக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் இத்தனை நாளும் வண்டி தன்னோடு தானே சண்டை போட்டுக்கொண்டிருந்தது என்று எனக்குப் புரிந்தது. கவுண்டரின் மூட்டை முழுவதையும் ஏற்றினோம். திரும்பும்போது வண்டி கனத்தது. அதனால் இன்னும் நன்றாகவே பிடித்தது.

பண்ணை வண்டிக்குப் பக்கத்தில் போகும்போது சவரிமுத்து நிறுத்தவில்லை. மெதுவாக உருட்டிக்கொண்டே கையை வெளியே நீட்டி, இடுப்பளவு தண்ணீரில் குடையோடு நின்ற காரியக்காரரிடம் சொன்னான்:

"ஏரு வேணாங்க. கயிறு மட்டும் எடுத்து வையுங்க. லோடைக் கரையேத்திட்டுத் திரும்பி வர்றேன்."

சொன்னபடியே திரும்பி வந்தான். மாட்டை அவிழ்த்துக் கரையேற்றச் சொன்னான். வண்டியைக் கட்டி இழுத்தான். கரையில் ஊரே நின்றது, ஒருத்தரும் கைதட்டவில்லை, கேலி செய்யவில்லை. செய்யக்கூடாது என்று சவரிமுத்து முன்னாலேயே சொல்லி வைத்திருந்தான். "அவருக்கும் நாளைக்கு மல்லாட்டை வெளையும் மாமா. நம்ம வண்டிதான் ஏத்தணும்" என்றான். அடுத்த அறுவடைக்குப் பண்ணை மூட்டையும் ஒட்டக லாரியில்தான் திண்டிவனம் போனது. காரியக்காரர் தெருமுனையில் நின்று கூப்பிடும்போது பெயருக்கு முன்னால் இருந்த "டா" மட்டும் எங்கேயோ நழுவி விழுந்துவிட்டது. அதைத் தேடி எடுத்துக் கொடுக்க எங்களுக்கும் நேரமில்லை.

அந்த நாளிலிருந்து போன மாதம் வரை அந்த வண்டி ஓடாத நாள் பெரிய வெள்ளி மட்டும்தான். தெருவில் இன்று மோட்டார் ஓட்டத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அவன் யாருக்கும் உட்காரவைத்துப் பாடம் சொல்லவில்லை. "சும்மா பக்கத்துல உக்காந்துக்கினு வா. தூக்கம் வராம நீயும் பேசு" என்பான். பேசியே கற்றுக்கொண்டார்கள்.

போன மாதம் மூட்டை ஏற்றி முடித்து, மார்பைத் தடவிக்கொண்டே காலடிப் பலகையில் உட்கார்ந்தான். தண்ணீர் கேட்டான். தண்ணீர் வருவதற்குள் முடிந்துவிட்டது. அடக்கத்துக்கு வந்த காரியக்காரர் நிஜமாகவே கண் கலங்கினார், அதை மறைத்து எழுதமாட்டேன். பிறகு லூர்துவிடம், "புள்ளைங்களை வச்சிக்கினு என்னாம்மா பண்ணுவ? வண்டியை வித்துடு. பண்ணையில எதுனா ஒரு வேலை பாத்துப் போட்டுக் குடுக்கச் சொல்றேன்" என்றார். நல்ல மனதோடு சொன்னார். அப்படிச் சொல்லும்போதுதான் எனக்குப் பயம் வந்தது. கேலியாகச் சொன்னபோது சவரிமுத்து இருந்தான். அன்பாகச் சொல்லும்போது அவன் இல்லை.

லூர்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்தாண்ட கவுண்டரு லோடு கெடக்குதுங்க. நாளைக்கு எடுக்கணும்" என்றாள். என் பக்கம் திரும்பி, "மாமா, காலையில வந்துடுங்க" என்றாள். வருவீர்களா என்று கேட்கவில்லை.

போனேன். நான் ஓட்டாத வண்டியா? ரயில் எஞ்சினே ஓட்டினவன். ஆனாலும் ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தினேன். அங்கே சவரிமுத்து எப்போதும் ஒன்று சொல்லுவான்: "ஆத்துக்கு முன்னாடி எம்மா நேரம் வேணும்னாலும் நின்னுக்கலாம் மாமா. எறங்கி நடந்து பாக்கலாம், சுருட்டுப் புடிக்கலாம், பயப்படலாம். வண்டி ஆத்துல எறங்கிட்டா மட்டும் நிக்கக் கூடாது." அவனுடைய வண்டி லூர்துவுக்கு, பெயர் பிள்ளைகளுக்கு. எனக்கு என்று நான் எடுத்துக்கொண்டது இந்த வார்த்தை ஒன்றைத்தான். கூட்டிச் சொல்ல இதில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

இறங்கி, முழங்கால் தண்ணீரில் நடந்து பார்த்தேன். கரையேறிச் சுருட்டுப் பிடித்தேன். பயமும் பட்டேன். பிறகு ஏறி உட்கார்ந்து, நாலு சக்கரத்தையும் சேர்த்து, குட்டிக் கியரைப் போட்டு இறக்கினேன். நடுவில் நிற்கவில்லை.